தபால்காரரின் 180 ரூபாய்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, குன்னூரில் ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னை அணுகினார். "சாமி, எங்கள் அண்ணன் லண்டனில் வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறாராம். சைக்கிள் வாங்கிய பணத்துக்கு அங்கே அரசாங்கம் வரியில் சலுகை கொடுக்கிறதாம். நம் நாட்டில் ஏன் அப்படியொரு சட்டம் போடக்கூடாது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. காலை எட்டு மணிக்கு வெலிங்டன் வழியாக உதகைக்குச் செல்லும் சாலையோரம் நின்று பார்த்தவர் எவருக்கும் இக்கேள்வி எழவே செய்யும். ஒருவர் மட்டுமே அமர்ந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்ல, அவற்றுக்கும் சாக்கடைக்கும் இடையே கிடைக்கும் ஒரு முழ இடத்தில் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்கும் பாளையத்துக் கடைகளுக்கும் ஆட்கள் நடந்து போகிறார்கள். மிதிவண்டிக்குச் சலுகை கொடுங்கள் என்று கேட்பது எளிது. ஆனால் அதற்கு முன்னர் வேறொன்றை ஆராய வேண்டியிருக்கிறது. வரிச்சலுகை என்பது வரி செலுத்துவோருக்குத்தானே கிட்டும்? மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோருள் எத்தனை பேர் வரி செலுத்துவோர்? இந்த முடிச்சை அவிழ்க்காமல் சட்டம் இயற்றினால் பயன் எங்கே போய்ச் சேரும் என்பதை இவ்விதழில் சற்று விரிவாகவே நோக்குவோம்.

முதலில் பழைய கதை ஒன்று. நம்முள் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குச் 'சைக்கிள் வில்லை' மறந்திராது. ஆண்டுதோறும் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பணம் கட்டி, உலோக வில்லை ஒன்றைப் பெற்று வண்டியில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாத வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இரவில் விளக்கின்றி வந்தால் அபராதம். 'டபுள்ஸ்' ஏற்றினால் அதற்கும் அபராதம். நான் வளர்ந்த சமவெளி ஊரில், வில்லை சோதிக்கும் ஆட்கள் ஊரெல்லையில் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பெரியவர்கள்கூட வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியே சுற்றிப் போவதைக் கண்டிருக்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியரும் பால்காரரும் உபதேசியாரும் அவர்களுள் அடக்கம். ஆக, இந்நாட்டில் மிதிவண்டிக்கும் அரசாங்கத்துக்கும் ஏற்பட்ட முதல் உறவு வாங்குகிற உறவேயன்றிக் கொடுக்கிற உறவன்று. வில்லை வரி பின்னர் மெல்ல மெல்ல மறைந்தது. ஆனால் அந்தப் பழைய மனப்பான்மை மறைய வெகு காலம் ஆயிற்று.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மிதிவண்டிக்கு 12 விழுக்காடு விதிக்கப்பட்டது. ஈராண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டு முதல் நாளன்று, மின்கலத்தால் ஓடும் வாகனங்களுக்கான வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புகை கக்காத வாகனத்தை ஊக்குவிக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். நல்ல காரணந்தான். ஆயினும் அன்று தொடங்கி ஆறாண்டுக் காலம், பத்து இலட்ச ரூபாய் மின்சாரக் கார் வாங்கியவர் 5 விழுக்காடும், ஐயாயிரம் ரூபாய்க்கு மிதிவண்டி வாங்கிய கட்டடத் தொழிலாளி 12 விழுக்காடும் செலுத்தி வந்தார்கள். புகை கக்காத வாகனங்களுக்கெல்லாம் மூத்த வாகனம் எது என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. போதாததற்கு, மின்சார வாகனம் வாங்கக் கடன் பெற்றவர் அதற்குச் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்ச ரூபாய் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் வந்தது. 2019 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச்சு முடிய அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு இச்சலுகை உண்டு. மிதிவண்டிக்குக் கடன் வாங்குகிறவர் அதை அண்டை வீட்டாரிடமோ நகைக்கடையிலோதான் வாங்குகிறார். அந்த வட்டிக்கு எந்தச் சட்டத்திலும் கழிவு இல்லை.

இந்நிலை மாறுவதற்கான முதல் அடையாளம் 2024 அக்டோபரில் தென்பட்டது. வரி விகிதங்களைச் சீரமைக்க அமைக்கப்பட்ட மாநில அமைச்சர்களின் குழு, பீகார் மாநிலத் துணை முதல்வர் சாம்ராட் சௌத்ரி தலைமையில் கூடி, 10,000 ரூபாய்க்குக் குறைவான மிதிவண்டிகளுக்கு மட்டும் வரியை 5 விழுக்காடாகக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த '10,000 ரூபாய்க்குக் குறைவான' என்ற சொற்களை நான் பெரிதும் மதிக்கிறேன். வேலைக்குச் செல்வதற்காக மிதிப்பவர் யார், உடற்பயிற்சிக்காகவும் உல்லாசத்துக்காகவும் மிதிப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்க முயன்ற சொற்கள் அவை.

ஆனால் ஓராண்டுக்குள் அச்சொற்கள் மறைந்தன. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-ஆவது வரி மன்றக் கூட்டம் வரி அடுக்குகளையே மாற்றியமைத்தது. செப்டம்பர் 22 முதல் எல்லா மிதிவண்டிகளுக்கும், விலை எதுவாயினும், 5 விழுக்காடு. அதே நாளில் 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கும் சிறிய கார்களுக்கும் 28 விழுக்காடு 18 ஆகக் குறைந்தது.

இங்கே நம் குடும்பத் தலைவிகள் செய்வதுபோல் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வரி நீங்கலாக 5,000 ரூபாய் விலையுள்ள சாதாரண மிதிவண்டிக்கு முன்பு வரி 600 ரூபாய், இப்போது 250. மிச்சம் 350 ரூபாய். ஓர் இலட்ச ரூபாய் விலையுள்ள, பல்சக்கர மாற்றமும் இலேசான உலோகச் சட்டமும் கொண்ட வெளிநாட்டு மாதிரி மிதிவண்டிக்கு மிச்சம் 7,000 ரூபாய். 2008 முதல் நம் நீலகிரி மலைகளைச் சுற்றி நடைபெற்றுவரும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்களில் இத்தகைய வண்டிகள் வரிசையாக ஏறிவருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகான காட்சி. அவர்கள்மேல் எனக்கு யாதொரு வருத்தமும் இல்லை. ஆனால் 80,000 ரூபாய் மோட்டார் சைக்கிளுக்குக் குறைந்த வரி எவ்வளவு தெரியுமா? 8,000 ரூபாய். அதாவது, ஒரு முழு மிதிவண்டியின் விலையைவிட அதிகம். வேலைக்குச் செல்ல மிதிவண்டியா, மோட்டார் சைக்கிளா என்று தயங்கி நிற்கும் ஓர் இளைஞரை இந்த இரு குறைப்புகளும் சேர்ந்து எப்பக்கம் தள்ளும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

அரசினரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஏழையின் வண்டிக்கு வரி குறைந்தது குறைந்ததே. அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் இதற்குப் பின்னாலுள்ள அரசியலையும் அறிந்துகொள்வது நல்லது. மோட்டார் வாகனம் ஒன்று விற்றால் அரசுக்கு வாகன வரி உண்டு, பதிவுக் கட்டணம் உண்டு, அது ஓடும் காலமெல்லாம் பெட்ரோல் மீது மத்திய அரசும் மாநில அரசும் வசூலிக்கும் வரி உண்டு. மிதிவண்டி ஓட்டுபவர் ஒருமுறை வாங்கியதோடு சரி. பிறகு அரசின் கல்லாவில் அவருக்குக் கணக்கே இல்லை. கணக்கில் இல்லாதவரின் குரல் பேரவையில் எங்ஙனம் கேட்கும்?

ஆனால் சின்னமாக மட்டும் மிதிவண்டிக்கு நல்ல மரியாதை உண்டு. உத்தரப்பிரதேசத்தில் சமாஜ்வாதி கட்சிக்கும், ஆந்திரத்தில் தெலுங்கு தேசத்துக்கும், 1996-இல் நம் தமிழ்நாட்டில் தமிழ் மாநிலக் காங்கிரசுக்கும் அதுவே சின்னம். 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலுக்கு நடிகர் விஜய் மிதிவண்டியில் வந்து வாக்களித்தபோது, பெட்ரோல் விலையைக் கண்டிக்கிறாரோ என்று தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் விவாதித்தன. அன்றைக்கு அதே தெருக்களில் மிதிவண்டியில் வேலைக்குச் சென்ற ஆயிரக்கணக்கானோரைப் பற்றி எவரும் ஒன்றும் விவாதிக்கவில்லை.

இனி வருமான வரிக்கு வருவோம். அந்த இளைஞர் கேட்டதும் இதைத்தான். நம் நாட்டில் மாதச் சம்பளக்காரர்களுக்குப் போக்குவரத்துப் படியாக மாதம் 1,600 ரூபாய் வரை வரிவிலக்கு இருந்தது. 2015-ஆம் ஆண்டில் 800 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்ட தொகை அது. எந்த வண்டியில் வருகிறீர் என்று அது கேட்கவில்லை. மிதிவண்டியில் வந்தவருக்கும் அது கிடைத்தது; நடந்து வந்தவருக்கும் கிடைத்தது. பெயர் சொல்லாத மிதிவண்டிச் சலுகை என்றே அதைச் சொல்லலாம். 2018 ஏப்ரலோடு அது நீக்கப்பட்டு, எல்லாச் சம்பளக்காரருக்கும் பொதுவான நிலைக்கழிவு 40,000 ரூபாய் கொண்டுவரப்பட்டது. உடல் ஊனமுற்ற ஊழியர்களுக்கு மட்டும் போக்குவரத்து விலக்கு தனியே தொடர்ந்தது.

2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தின்படி, புதிய முறையில் ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்ச ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வருமான வரியே இல்லை என்றாகிவிட்டது. இப்போது நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் சம்பாதித்து, மிதிவண்டியில் வேலைக்குச் செல்பவர் நம் பங்கில் எத்தனை பேர்? ஒரு கை விரல்களும் வேண்டாம் எண்ணுவதற்கு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேளாண்மையிலும் வீட்டுத் தொழிலிலும் சேராத ஏனைய உழைப்பாளர்கள், ஏறக்குறைய இருபது கோடிப் பேர், எவ்வாறு வேலைக்குச் செல்கிறார்கள் என்று முதன்முறையாகக் கேட்டார்கள். நடந்து செல்வோர் சுமார் 23 விழுக்காடு. மிதிவண்டியில் செல்வோர் சுமார் 13 விழுக்காடு. கார் வைத்திருந்து அதில் செல்வோர் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த 13 விழுக்காட்டினர் யார்? மேஸ்திரிகள், காவலாளர்கள், ஆலைத் தொழிலாளர், பால் ஊற்றுவோர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள். இவர்களுக்கு வருமான வரிச் சலுகை அளிப்பது, பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்குக் கொடுப்பதை ஒக்கும்.

அயல்நாடுகள் இம்முடிச்சை எப்படி அவிழ்த்தன என்று பார்ப்போம். இளைஞரின் அண்ணன் சொன்ன இங்கிலாந்துத் திட்டம் 1999-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே வந்தது. நிறுவனம் மிதிவண்டியை வாங்கித் தொழிலாளிக்குக் கொடுக்கும். அதன் விலையைச் சிறிது சிறிதாக அவருடைய சம்பளத்திலிருந்து, வரி கணக்கிடுவதற்கு முன்னரே, பிடித்துக்கொள்ளும். அந்தத் தொகைக்கு வரி இல்லை. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 40 விழுக்காடு வரி செலுத்தும் உயர் அலுவலருக்கு மிச்சமும் அதிகம். 20 விழுக்காடு செலுத்தும் எழுத்தருக்கு மிச்சம் குறைவு. சொந்தத் தொழில் செய்பவருக்கு ஒன்றுமில்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்தால் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போய்விடும் என்ற நிலையிலுள்ள துப்புரவுத் தொழிலாளி அத்திட்டத்தில் சேரவே முடியாது. மிதிவண்டி எவருக்கு மிகவும் தேவையோ அவருக்கு முன்பாகக் கதவு மூடிக்கொள்கிறது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே காரில் வேலைக்கு வருகிறவருக்கு நிறுவனம் தரும் வாகன நிறுத்துமிட வசதிக்கு நெடுங்காலமாக வரிவிலக்கு உண்டு. மிதிவண்டியில் வருகிறவருக்கும் ஏதேனும் தர வேண்டும் என்று ஆரிகன் மாநில உறுப்பினர் ஏர்ல் புளூமனவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2007-இல் இத்தகைய யோசனை காங்கிரசில் வந்தபோது, இது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தீர்வு என்று ஓர் உறுப்பினர் ஏளனம் செய்தார். கடைசியில் அது நிறைவேறிய விதத்தைக் கேளுங்கள். 2008 அக்டோபரில் வங்கிகள் சரிந்து நாடே கதிகலங்கியபோது, எழுபதாயிரம் கோடி டாலர் அளவில் நிதி நிறுவனங்களைக் காப்பாற்றும் அவசரச் சட்டம் வந்தது. அந்த மாபெரும் மசோதாவுக்கு வாக்குச் சேர்க்கும் பொருட்டுப் பல சில்லறைச் சலுகைகளை அதனோடு பிணைத்தார்கள். அவற்றுள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மிதிவண்டியும் உள்ளே நுழைந்துவிட்டது! கலியாணப் பந்தலில் பெரிய மனிதர் கூட்டத்தோடு சேர்ந்து உள்ளே போய்விட்ட வழிப்போக்கனைப் போல என்று எண்ணிக்கொண்டேன்.

கிடைத்தது எவ்வளவு? மாதம் 20 டாலர் வரை நிறுவனம் கொடுக்கலாம், அதற்கு வரி இல்லை. 2009-இல் காரை நிறுத்துவோருக்கு அதே சட்டத்தில் மாதம் 230 டாலர். மிதிவண்டிக்குரிய 20 டாலரைப் பெறுகிற மாதத்தில் பேருந்துக்கோ இரயிலுக்கோ உரிய சலுகையைப் பெற முடியாது. மழை நாளில் பேருந்திலும் வெயில் நாளில் மிதிவண்டியிலும் செல்பவர் ஏதேனும் ஒன்றைத் துறக்க வேண்டும். இந்தச் சிறு சலுகையும் நிலைக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு வரிச் சட்டம் அதை 2018 முதல் 2025 முடிய நிறுத்தி வைத்தது. 2025 ஜூலையில் கையொப்பமான சட்டம் நிரந்தரமாகவே நீக்கிவிட்டது. கார் நிறுத்துமிடத்துக்கான விலக்கு இருக்கிறது.

பெல்ஜியம் நாட்டினர் வேறு வழியைப் பிடித்தார்கள். வேலைக்கு மிதித்து வந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிறுவனம் இவ்வளவு என்று கையில் கொடுக்கும். அத்தொகைக்கு வரி இல்லை. 2023 மே மாதம் முதல் தனியார் துறையிலும் வழக்கமாக மிதிவண்டியில் வரும் ஊழியர் இதைக் கேட்டுப் பெற உரிமையுண்டு என்றாயிற்று. அவ்வாண்டு கிலோமீட்டருக்கு 27 சென்ட். ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து மாதம் இருபது நாள் வந்து போகிறவருக்கு 54 யூரோ. அவர் மேலாளரா, மாடிப்படி துடைப்பவரா என்பது பொருட்டன்று; மிதித்த தூரமே கணக்கு. வரி கட்டாதவருக்கும் இது கிடைக்கும், ஏனெனில் இதன் உயிர் வரிக் கழிவில் இல்லை, கையில் வரும் படியில் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பெரும் வியப்பு ஏற்படவில்லை. காரணம், இதன் ஏழைத் தம்பி ஒருவன் நம் நாட்டிலேயே நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறான். தபால்காரரின் சைக்கிள் படிதான் அது.

மத்திய அரசின் கீழ்நிலை ஊழியர்களுள், பணியின் நிமித்தம் சொந்த மிதிவண்டியைப் பயன்படுத்துவோருக்கு மாதாந்தரப் படி ஒன்று வழங்கும் வழக்கம் உண்டு. முதன்மையாகத் தபால்காரர்களும் இரயில் பாதைகளைப் பராமரிக்கும் தொழிலாளர்களும் இதைப் பெற்று வந்தார்கள். தொகை மாதம் 90 ரூபாய். நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு 2015 நவம்பர் 19 அன்று அளித்த அறிக்கையில், நூற்றுத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஆராய்ந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றை நீக்கிவிடச் சொன்னது. நீக்க வேண்டிய பட்டியலில் சைக்கிள் படியும் இருந்தது. காலங்கடந்த படி, தொகையும் அற்பம் என்ற நோக்கு. தொகை அற்பமாயிருந்தால் உயர்த்துவதுதானே முறை என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது.

ஊழியர்கள் விட்டுவிடவில்லை. படிகள் குறித்து எழுந்த முறையீடுகளைக் கேட்க நிதித்துறைச் செயலாளர் அசோக் லவாசா தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2017 ஏப்ரல் 27 அன்று தன் அறிக்கையைக் கொடுத்தது. அதன்பேரில் 2017 ஜூன் 28 அன்று மத்திய அமைச்சரவை, தபால்காரர்களுக்கும் பாதைப் பராமரிப்பாளர்களுக்கும் சைக்கிள் படி தொடரும் என்றும், 90 ரூபாய் 180 ரூபாயாக இரட்டிக்கப்படும் என்றும் முடிவு செய்தது. ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறை. ஆண்டுக்கு 2,160 ரூபாய். பெரிய அலுவலர்களின் படிகளைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய நாளேடுகள் இதற்கு ஒரு வரி ஒதுக்கின.

இத்தொகை வீட்டிலிருந்து அலுவலகம் செல்வதற்கானதன்று, பணியின்போது சுற்றுவதற்கானது என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் இதன் அமைப்பைக் கவனியுங்கள். வரி கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. புதிய வண்டி வாங்கியதற்கு இரசீது வேண்டியதில்லை. டயர் தேய்கிறது, பிரேக் கட்டை மாற்ற வேண்டும், பஞ்சர் ஒட்ட வேண்டும். அதற்கென்று மாதந்தோறும் கையில் ஒரு தொகை. வெலிங்டனைப் போன்ற ஊரில், ஆறாயிரம் அடி உயரத்தில், தபால்காரர் மிதிவண்டியில் ஏறிச் செல்லும் நேரம் பாதி, அதைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நேரம் பாதி. இறக்கத்தில் பிரேக் கட்டை தேயும் வேகத்தைச் சமவெளியினர் அறியமாட்டார்கள். அவருக்கு அந்த 180 ரூபாய் கிடைத்த நாளில், அவருடைய வேலையை அரசாங்கம் ஒரு கணமேனும் நின்று பார்த்தது என்றே நான் கொள்கிறேன்.

நேரடியாகக் கொடுப்பதன் பலனுக்கு வேறு சான்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் யாவருக்கும் விரிந்தது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண் பிள்ளைகளின் விகிதம் 32 விழுக்காடு உயர்ந்தது. வரிச் சலுகை எதையும் கொண்டு இப்படியொரு பலனை விளைவித்திருக்க இயலுமா?

எனினும் மலையில் வாழும் நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். பீகாரின் சமவெளிக்கும் தஞ்சைத் தரணிக்கும் பொருந்துவது குந்தா மலைச்சரிவுக்குப் பொருந்துமா? பள்ளிப் பிள்ளை காலையில் சரேலென்று இறங்கிப் போகலாம். மாலையில் புத்தகப் பையோடு வண்டியையும் சேர்த்து மேலே தள்ளி வரவேண்டும். மின்கலம் பொருத்திய மிதிவண்டி இத்தகைய ஏற்றங்களுக்கே ஏற்றது. டெல்லி அரசு 2022 ஏப்ரலில், முதலில் வாங்கும் பத்தாயிரம் பேருக்குத் தலைக்கு 5,500 ரூபாய் மானியம் அறிவித்தது. டெல்லியோ கைத்தட்டுப்போல் சமதரை! ஏற்றமே இல்லாத ஊருக்கு ஏறும் வண்டி. ஏற்றமே வாழ்க்கையான ஊருக்குச் சாதாரண வண்டி.

உண்மையைச் சொன்னால், நம் மாவட்டத்தில் வேலைக்கு மிதிப்பவரைவிட நடப்பவரே மிகப் பலர். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் லயத்து வீடுகளிலிருந்து கொழுந்தெடுக்கும் மலைக்கும், அங்கிருந்து எடை போடும் இடத்துக்கும் நாள்தோறும் நடக்கும் தூரத்தை எவரும் அளந்ததில்லை. கோடை காலத்தில் சுற்றுலா வாகனங்கள் பெருகியதால், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது; 2025 ஏப்ரல் முதல் சூன் வரை, நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விதித்தார்கள். வாகனங்களை எண்ணத் தெரிந்துகொண்டோம். சாலையோரம் நடந்து செல்வோரை எண்ணுவார் இன்னும் இல்லை. ஆகையால் மிதிவண்டிக்கென்று படி வகுத்தால், 'மிதித்தோ நடந்தோ வருகிறவர்' என்று அதில் எழுதும்படி நீலகிரி மக்களாகிய நாம் கேட்க வேண்டும். வண்டி வைத்திருப்பதே தகுதி என்றால் நம் தோட்டத்துத் தாய்மார் மறுபடியும் வெளியே நிற்பார்கள்.

படியோடு பாதையும் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். சென்னை மாநகராட்சி 2014-இல், போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் செலவிடுவதென்று கொள்கை வகுத்தது. கொள்கை நல்லது. நம் மலை நகரங்களில் எதற்கும் அப்படியொரு காகிதங்கூட இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

முற்றத்தில் கேட்ட இளைஞருக்கு இதையெல்லாம் ஒருவாறு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாம் டெல்லிக்குத்தான் மனுப் போட வேண்டுமா, சாமி?" என்றார். போடலாம், தபால்காரர்கள் போட்டதால்தானே 180 ரூபாய் நின்றது. ஆனால் பெல்ஜியத்தில் படியைக் கொடுப்பது அரசாங்கமன்று, வேலை கொடுத்தவர். அப்படிப் பார்த்தால் நாமும் வேலை கொடுப்பவர்களே. நம் மறைமாவட்டத்தில் பள்ளிகள் உள்ளன, மருந்தகங்கள் உள்ளன, விடுதிகள் உள்ளன. அவற்றில் கார் வைத்திருக்கும் பொறுப்பாளருக்குப் பெட்ரோல் செலவு கணக்கில் எழுதப்படுகிறது, அது தேவையுங்கூட. அதே பள்ளிக்கு விடியற்காலையில் அடுப்பு மூட்ட மூன்று கிலோமீட்டர் நடந்து வரும் சமையற்கார அம்மாளுக்கும், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறி வரும் இரவுக் காவலாளருக்கும் எந்தப் பத்தியில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று கணக்குப் புத்தகங்களைத் திறந்து பார்க்கலாம். அதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை.

எங்கள் பங்கில் இத்தகையோர் பதினொரு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களையும், வீட்டிலிருந்து வேலைக்கு வரும் தூரத்தையும் அந்த இளைஞரே எழுதி எடுத்துவந்து கொடுத்திருக்கிறார். வரும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அந்தத் தாள் முதலில் எடுத்துக்கொள்ளப்படும்.